தூவுவதும் சிதறுவதும்

'த மீட்டிங் ஸ்கேட்டர்ட் அட் ஃபைவ்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'மை ஷூலேஸ் ஸ்கேட்டர்ட்' என்று அடுத்தவர். ஜன்னலைத் திற, வாடை ஸ்கேட்டர் ஆகட்டும். ஓடியதில் தலைமுடி ஸ்கேட்டர் ஆகிவிட்டது. காற்று மேகத்தை ஊதி ஸ்கேட்டர் பண்ணியது. ஸ்கேட்டர் என்ற சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வாருங்கள் என்று நான் கேட்டதற்கு வந்த பதில்கள் இவை.

சிங்கப்பூரில் சீனம் மட்டுமே சரளமாகப் பேசுகிற பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முக்கால்வாசிப் பேர் பெண்கள். சீனாவிலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவர்கள், அல்லது பிள்ளையை இங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்டு கூடவே தங்க வந்த அம்மாக்கள். என் சீனம் காய்கறிக் கடையோடு சரி, மீதியெல்லாம் அவர்கள் வீட்டுப்பாடத்திலிருந்து பொறுக்கியது. இத்தனை பேர் ஒரே சொல்லில் ஒரே மாதிரி தடுக்கி விழுந்தால், அந்தத் தப்புக்குப் பின்னால் அவர்கள் மொழியில் ஒரு நல்ல வாக்கியம் ஒளிந்திருக்கும். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

ஒளிந்திருந்தது 'ஸான்'. சீன அகராதிகளில் ஸ்கேட்டருக்கு எதிரே முன்வரிசையில் நிற்பது அதுதான். ஆனால் அதன் ராஜ்ஜியம் ரொம்பப் பெரிசு. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனால் ஸான். ஷூலேஸ் அவிழ்ந்தால் ஸான். வாடை போனாலும், கொண்டை அவிழ்ந்தாலும், மூடுபனி விலகினாலும், சங்கத்தைக் கலைத்தாலும், குடும்பம் ஆளுக்கொரு திசையாகப் போனாலும் ஸான். சொல்கிற தொனியில் ஒரு வித்தியாசம் உண்டு. நான்காம் தொனியில் வெட்டி இறக்கினால், சேர்ந்திருந்தது பிரிந்து போகிறது. மூன்றாம் தொனியில் தாழ்த்தி எழுப்பினால், கட்டு அவிழ்ந்தோ கட்டப்படாமலோ உதிரியாக இருப்பது. பொட்டலம் போடாத தேயிலை இந்த இரண்டாவது ஸான். டூர் குரூப்பில் சேராமல் தனியாக வந்து ஓட்டலில் இறங்குகிற பயணி ஸான். சீன வைத்தியத்தில் நம்ம சூரணம் மாதிரி பொடித்துத் தருகிற மருந்துக்கும் ஸான் என்றே பெயர்.

ஆங்கில ஸ்கேட்டர் அவ்வளவு தாராளமானதில்லை. அதற்குப் பல பொருள்கள் வேண்டும், ஒன்றே ஒன்று ஸ்கேட்டர் ஆக முடியாது. ஆகவே ஷூலேஸ் அவுட். அவை வேறு வேறு திசையில், ஒழுங்கில்லாமல், போய் எங்கேயோ விழ வேண்டும். வாடை எங்கேயும் போய் விழாது, அதுவும் அவுட். உயிருள்ளவை ஸ்கேட்டர் ஆவதானால் பெரும்பாலும் பயந்து ஓடுகின்றன என்று அர்த்தம். கல்லெறிந்ததும் புறாக்கள் ஸ்கேட்டர் ஆகும். 'மீட்டிங் அஞ்சு மணிக்கு ஸ்கேட்டர் ஆச்சுன்னா, யாரோ உள்ளே பாம்பை விட்டுட்டாங்கன்னு கேட்கும்' என்றேன். வகுப்பு சிரித்தது. அவர்கள் மனதில் இருந்ததோ ஃபைலை மூடி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சாவகாசமாக எழுந்து போகிற கூட்டம்.

இந்த இடத்தில் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. கூட்டம் கலைந்தது. மேகம் கலைந்தது. தலைமுடி கலைந்தது. வேஷம், தூக்கம், கனவு, போட்ட கோலம், எல்லாம் கலையும். சட்டசபையைக் கலைப்பார்கள். சீனர்கள் நாடாளுமன்றத்தைக் கலைப்பதற்கும் 'ஜியெஸான்' என்று ஸானைத்தான் கூப்பிடுகிறார்கள். ஷூலேஸை விட்டுவிட்டால் நம்ம 'கலை'தான் அவர்களுடைய ஸான். இரண்டுமே முன்பு ஒன்றாக இருந்ததைக் கணக்கில் வைத்துக்கொள்கிற சொற்கள். ஒரு அடுக்கு இருந்தது, ஒரு முடிச்சு இருந்தது, இப்போது இல்லை. ஸ்கேட்டருக்கு அந்தக் கவலை கிடையாது. இப்போது எப்படிக் கிடக்கிறது என்பதில்தான் அதற்கு ஆர்வம். தரையில் பொம்மைகள் ஸ்கேட்டர் ஆகிக் கிடக்கின்றன என்றால், அவை ஒருகாலத்தில் அலமாரியில் அடுக்கியிருந்ததா என்று அது கேட்பதில்லை.

மேகத்தை ஊதிய வாக்கியத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சீனத்தில் 'காற்று மேகத்தைக் கலைத்தது' என்று மொட்டையாகச் சொன்னால் வாக்கியம் அரைகுறையாக நிற்கும். எப்படிக் கலைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊது-ஸான், அடி-ஸான், விரட்டு-ஸான் என்று செயலும் விளைவும் கை கோத்து வரும். 'காற்று மேகத்தை ஊதிக் கலைத்தது' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், ஒரு தப்பும் இல்லை. அதை ஆங்கிலத்தில் போட்டால் 'ப்ளூ ஸ்கேட்டர்ட்' என்று இரண்டு வினை ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டில் ஒன்று போதும். அதோடு, கலைந்தது, கலைத்தது என்று ஒரு மெய்யெழுத்தில் நாம் காட்டுகிற வித்தியாசத்தையும் அது காட்டுவதில்லை. போலீஸ் கூட்டத்தை ஸ்கேட்டர் பண்ணினாலும், கூட்டமே ஸ்கேட்டர் ஆனாலும் ஒரே வினைதான். யார் செய்தது என்பதைச் சொல்லின் முகத்தில் பார்க்க முடியாது, வாக்கியத்தில் தேட வேண்டும்.

இந்த ஜோடிச் சொற்களில் ஒன்று 'நட-ஸான்'. சேர்ந்து நடந்துகொண்டிருந்தவர்கள் கூட்டத்தில் கைவிட்டுப் பிரிந்துபோவது. திருவிழாவில் பிள்ளை தொலைவது. நாம் தொலைந்த பிள்ளையைச் சொல்வோம், அவர்கள் பிரிந்த கையைச் சொல்கிறார்கள். யுத்தத்திலும் பஞ்சத்திலும் இப்படிப் பிரிவதற்கு வேறொரு சொல் இருக்கிறது, 'ஷிஸான்', இழந்து-பிரிதல். 1949-இல் சீனாவும் தைவானும் பிரிந்தபோது இரண்டு கரைகளிலும் மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வரும். தைவானில் இருந்தவர்கள் சொந்தக்காரர்களைப் பார்க்க சீனாவுக்குப் போய்வர 1987 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. முப்பத்தெட்டு வருஷம். கிராமத்தில் விட்டுவிட்டு வந்த மனைவி அதற்குள் கிழவியாகியிருப்பாள், இருந்தால்.

ஸ்கேட்டரின் கதை வேறு. அதன் ஆரம்பகாலப் பதிவு ஒன்று 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட காலக்குறிப்பில் இருக்கிறது. ஸ்டீபன் ராஜாவுக்கு மாமா ஹென்றியின் கஜானா கைக்கு வந்தது, அதை அவர் அசட்டுத்தனமாக வாரி இறைத்துத் தீர்த்தார் என்று ஒரு துறவி எரிச்சலோடு எழுதி வைத்தார். ஆக இந்தச் சொல் ஏட்டில் ஏறியபோதே ஊதாரிப் பிள்ளையைத் திட்டுகிற சொல்லாக ஏறியது. நொறுங்குவதைக் குறிக்கும் ஷாட்டரும் இதுவும் கூடப்பிறந்தவை என்று சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. இதைச் சொன்னபோது வகுப்பில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை, எனக்குத்தான் புல்லரித்தது. நொறுங்குவதையும் பரவுவதையும் ஒரே சொல்லில் வைக்கலாம் என்பது பிள்ளையார் கோயில் வாசலில் நின்ற எவருக்கும் தெரியும். சிதறுதேங்காய் என்றுதானே சொல்கிறோம்? உடைக்கிறவர் ஒருவர், சிதறுவது தேங்காய், பொறுக்க ஓடுவது நாம். உடைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். துண்டுகள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது.

இயற்பியலிலும் இதே சொல்தான். வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் ஒளிச்சிதறல் என்று பள்ளியில் படித்தோம். அதன் இன்னொரு வகையை 1928-இல் கண்டுபிடித்துக் காட்டிய சி.வி. ராமன் திருச்சியில் பிறந்தவர். வகுப்பில் ஷாங்காயிலிருந்து வந்த ஒருவர் வேதியியல் படித்தவர், ஒருநாள் 'லாமான் ஸான்ஷெ, லாமான் ஸான்ஷெ, உங்க ஊர்க்காரர்தானே?' என்றார். லாமான் யார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. ராமன் சிதறல். அவர்களும் அங்கே ஸானைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஸானுக்கு அரசியல் வாழ்க்கையும் உண்டு. சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்சென் 1924-இல் குவாங்சோவில் ஆற்றிய உரைகளில் ஒரு வசையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். சீனர்கள் 'ஒரு தட்டு ஸான் மணல்' என்று வெளிநாட்டார் சொல்கிறார்கள் என்பது அந்த வசை. தட்டில் கொட்டிய மணல், ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அதில் சிமெண்ட் கலந்தால்தான் பாறையாகும் என்பது அவர் வாதம். நாம் இதற்கு நெல்லிக்காய் மூட்டையை வைத்திருக்கிறோம். அவிழ்த்துவிட்டால் திசைக்கொன்றாக உருளும். எனக்கு நெல்லிக்காய்தான் ஒரு படி மேலாகத் தெரிகிறது. மூட்டை என்று ஒன்று இருந்ததையாவது அது ஒப்புக்கொள்கிறது.

இதே சொல்லைத் தலைகீழாகவும் திருப்பியிருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு உலாத்தப் போவதற்குச் சீனத்தில் 'ஸான்பு', உதிரி நடை. எங்கே போகிறோம் என்ற திட்டமில்லாமல் அடியெடுத்து வைப்பது. 2007-இல் ஃபூஜியன் மாகாணத்தின் கடற்கரை நகரமான சியாமெனில் பாராசைலீன் ரசாயன ஆலை ஒன்று வரவிருந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே ஜூன் 1-ஆம் தேதி எல்லோரும் 'ஸான்பு' போகலாம் என்று கைபேசிகளில் குறுஞ்செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். யாரும் எதிர்ப்பு தெரிவிக்கவில்லை, சும்மா நடக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு அந்த ஆலை பக்கத்து ஊரான ஜாங்சோ பகுதிக்குப் போனது. அடுத்த வருஷம் ஷாங்காயிலும் காந்த ரயில் திட்டத்தை எதிர்த்தவர்கள் 'உலாத்தினார்கள்'. சிதறுவதைக் குறிக்கிற சொல்லைச் சொல்லி ஒரு ஊரே கூடிவிட்டது. வகுப்பில் ஒருவர் சியாமென்காரர். 'அன்னைக்கு நீங்களும் போனீங்களா?' என்று கேட்டேன். 'நான் தினமும்தான் நடப்பேன் லாவோஷி' என்றார். லாவோஷி என்றால் வாத்தியார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுரைக்கும் சீனத்தில் ஸான் உண்டு என்று சொல்லாமல் விட மனமில்லை. கதை, கவிதை, நாடகம் தவிர்த்த உரைநடைக்கு 'ஸான்வென்', உதிரி எழுத்து. வடிவம் ஸான் ஆகலாம், உயிர் ஸான் ஆகக்கூடாது என்று அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தக் கட்டுரையை அவர்கள் வாத்தியார் திருத்தினால் என்ன மார்க் போடுவார் என்று தெரியாது.

விதைக்கு வருவோம். கையால் வீசி விதைப்பதற்கு ஆங்கிலத்தில் ப்ராட்காஸ்ட் என்று பெயர். 1920-களில் வானொலி வந்தபோது, குரலையும் அப்படித்தானே வீசுகிறார்கள் என்று வயலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சீனத்தில் வானொலி 'குவாங்போ'. குவாங் என்றால் அகலம், போ என்றால் விதை. சொல்லை மாற்றியும் வயலை விடவில்லை. டயாஸ்போரா என்ற கிரேக்கச் சொல்லிலும் விதைதான் இருக்கிறது. யூதர்களின் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள், யூதர்கள் தேசங்களெங்கும் சிதறடிக்கப்படுவதைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். குறுக்கும் நெடுக்கும் விதைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். சாபமாக ஆரம்பித்த சொல், ஆனால் உள்ளே விதை இருப்பதால் முளைக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. நாம் புலம்பெயர்தல் என்கிறோம், அதில் சிதறலும் இல்லை, விதையும் இல்லை. நிலம் மாறியது, அவ்வளவுதான் அது சொல்லும். சீனர்கள் வெளிநாடு போனவர்களை நெடுங்காலம் 'ச்சியாவ்' என்றார்கள். தற்காலிகமாகத் தங்கப் போனவர். திரும்பி வந்துவிடுவார் என்று வீட்டில் தட்டு எடுத்து வைத்திருப்பது போன்ற சொல்.

திரும்புவதற்கு அவர்களிடம் ஒரு படிமம் உண்டு. உதிர்ந்த இலை வேருக்கே திரும்பும். எங்கே போய்ச் சம்பாதித்தாலும் கடைசியில் சொந்த மண்ணில் புதைய வேண்டும் என்பது அதன் பொருள். போன இடத்திலேயே நிலைத்துவிட்டவர்கள் அதற்குப் பதிலாக இன்னொன்றைச் சொல்வார்கள். விழுந்த இடத்தில் வேர்விடு. இலைக்கு ஒரு கட்சி, விதைக்கு ஒரு கட்சி. சிங்கப்பூரின் பழைய சீனக் குடும்பங்கள் பெரும்பாலும் விதைக் கட்சிக்கு மாறி ஒன்றிரண்டு தலைமுறை ஆயிற்று.

ஸ்கேட்டர் வகுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து, எல்லோரும் போன பிறகு பெரியக்கா மட்டும் நின்றார். வகுப்பிலேயே மூத்தவர் என்பதால் அவரை எல்லோரும் 'தாஜியே' என்பார்கள், நானும் அப்படித்தான். ஊர் ஃபூஜியன் பக்கம் ஒரு கிராமம். கணவர் இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் படித்தவர், அவருடைய சீனம் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. கணவரின் அப்பா போன மாதம் தவறிவிட்டார். தன் சாம்பலை என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தாராம். கடலில் ஸ்கேட்டர் பண்ணிவிடுங்கள்.

'அகராதில பார்த்தேன் லாவோஷி. ஸான்னு போட்டிருக்கு. இதை எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது?'

அம்மாவுக்கு எண்பது வயசு, கிராமத்தில் இருக்கிறார். மண்ணுக்குள் போனால்தான் நிம்மதி என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை, அதற்கே நாலெழுத்துப் பழமொழி ஒன்று இருக்கிறது. இன்னொரு நாலெழுத்துத் தொடரும் இருக்கிறது, அதைப் பெரியக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். எலும்பை அரைத்து, சாம்பலைக் காற்றில் பறக்கவிடுவது. செத்த பிறகும் விடாத பகையைச் சொல்வதற்கு. உன்னைக் கொன்றாலும் ஆத்திரம் தீராது என்பார்களே, அதற்கும் ஒரு படி மேலே. சம்பந்தியை இவர்கள் அப்படிச் செய்யப்போகிறார்கள் என்று அம்மா காதில் விழுந்தால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. 'அப்ப நாளைக்கு உன்னையும் அப்படித்தான் பண்ணுவாங்களா?' என்று அம்மா கேட்பார். சிங்மிங் வந்தால் கல்லறையைப் பெருக்கிச் சுத்தம் செய்து, காகிதக் காசு எரிக்க வேண்டும். பெருக்குவதற்கு இடமே இல்லாத சாவை அந்தக் கிழவிக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆங்கிலத்தில் இந்தச் சேர்க்கை எவ்வளவு மென்மையானது என்பதுதான் இதில் சிக்கல். ஊதாரியைத் திட்டப் பிறந்த ஸ்கேட்டர், சாம்பலோடு சேர்ந்தால் மட்டும் குரல் இறங்கிப் பேசும். பிடித்தமான மலையில், ஆற்றில், கடலில். 1895-இல் எங்கெல்ஸின் சாம்பலை இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கரைக்கு அப்பால் கடலில் சேர்த்தார்கள், அவர் கேட்டுக்கொண்டபடியே. சீனாவிலேயே இது புதிதில்லை. 1976-இல் சோ என்லாய், 1997-இல் டெங் சியாவ்பிங். பெரியக்காவுக்கு இரண்டாவது நன்றாக நினைவிருந்தது. விமானத்திலிருந்து சாம்பலோடு பூவிதழ்களும் விழுந்ததை டிவியில் பார்த்தாராம். இப்போது அரசாங்கமே கடலடக்கம், மரத்தடியடக்கம் என்றெல்லாம் பெயர் வைத்து ஊக்குவிக்கிறது. சிதறல் என்ற சொல்லே அதில் வராது, கவனித்துத்தான் செய்திருக்கிறார்கள். தண்ணீரில் விட்டாலும் அதற்குப் பெயர் அடக்கம்.

'உங்க ஆளுங்க என்ன சொல்வீங்க?' என்று கேட்டார்.

கரைப்போம் என்றேன். அஸ்தி கரைக்கிறது. உப்பைக் கரைப்பது போல, சர்க்கரையைக் கரைப்பது போல. நாங்கள் சிதற விடுவதில்லை, தண்ணீரோடு ஒன்றாக்கி விடுகிறோம். அவர் யோசித்தார். அழகாக இருக்கிறது, ஆனால் சீனத்தில் அப்படிச் சொன்னால் மருந்து கலக்குகிற மாதிரி இருக்கும் என்றார். பிறகு நேருவைச் சொன்னேன். தன் சாம்பலில் ஒரு பிடியைக் கங்கையில் விட்டுவிட்டு, மீதியில் பெரும்பகுதியை விமானத்திலிருந்து வயல்கள் மேல் போட்டுவிடும்படி உயில் எழுதியவர். அதைத் தமிழில் எழுதும்போது 'தூவினார்கள்' என்போம். தூவுவது என்றால்? கையால் செய்து காட்டினேன். கல்யாணத்தில் அட்சதை போடுகிற மாதிரி, சாமி மேல் பூப் போடுகிற மாதிரி. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். எறிகிற கை இல்லை அது. தெளிப்பதற்குத் தண்ணீர் வேண்டும், இறைப்பதற்கு அலட்சியம் வேண்டும், சிதறுவதற்கு ஒரு அடி விழ வேண்டும். தூவுவதற்கு ஒரு கையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பெரியக்கா தன் கையைப் பார்த்தார். 'ஸா' என்றார்.

ஸா வேறு எழுத்து, ஸான் வேறு. ஸாவை எழுதும்போது இடது பக்கத்தில் கை என்ற உறுப்பு நிற்கும், வலது பக்கத்தில் ஸான். அதாவது, கை சேர்ந்த ஸான். விதையை ஸா பண்ணுவார்கள், உப்பை ஸா பண்ணுவார்கள். கல்யாணத்தன்று புது மணமக்களின் படுக்கையில் பேரீச்சைப் பழம் மாதிரி இருக்கிற சீன இலந்தை, வேர்க்கடலை, லோங்கான் பழம், தாமரை விதை எல்லாம் தூவுவார்கள். அந்த நாலு பெயர்களின் ஓசையைக் கோத்தால் 'சீக்கிரமே நல்ல பிள்ளை பிறக்கட்டும்' என்று வரும். அதற்கும் ஸாதான். டெங்கின் சாம்பலைக் கடலில் சேர்த்ததைச் சீனச் செய்திகள் சொன்னபோதும் ஸா என்றுதான் சொன்னார்கள், இப்போதுதான் நினைவு வருகிறது என்றார். அகராதியில் ஸான் முன்னால் நின்றதால் அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு எழுத்து வைத்து அவர்கள் பிரித்துக்கொண்ட வேலையை ஆங்கிலம் ஒற்றை ஸ்கேட்டரில் போட்டு அடைத்திருக்கிறது.

'என் கல்யாணத்துல எங்கம்மாதான் ஸா பண்ணாங்க. கட்டில் பூரா வேர்க்கடலை. ராத்திரி முதுகுல குத்திட்டே இருந்துச்சு.'

அதற்குப் பிறகு நாங்கள் வேறு ஏதேதோ பேசினோம். இங்கே கடலில் சாம்பல் சேர்ப்பதற்கென்று ஒதுக்கிய இடம் செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். யார் யார் போவது, கணவரின் தம்பிக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, பூ கொண்டுபோகலாமா, இப்படி.

அடுத்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, பாடம் ஆரம்பிக்கும் முன்பே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிவிட்டாராம். ஸா என்றே சொன்னாராம். என் கட்டிலில் நீ கடலை ஸா பண்ணியே, அந்த மாதிரி கையால், மெதுவாக, பூவும் சேர்த்து. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இவர் 'வெய், வெய்' என்று கூப்பிட்டுப் பார்த்தாராம். அப்புறம் அம்மா சொன்னாராம்: 'படகுல நின்னா காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு முதல்ல பார்த்துக்கோங்க. உங்க மேலயே வந்து விழப்போகுது.'